ஸ்தமேனாவின் டிவிக்கு நிறம் வந்த நாள்

என் வீட்டுக்காரர் நைடெனுக்கு இடுப்பு வலி வந்தது எங்கள் லோம் ஊர்த் துறைமுக வேலையால் அல்ல, ஊரார் வீட்டு டிவிகளால். ஜெர்மனியிலிருந்து யாராவது வீடியோ பிளேயர் அனுப்பினால் போதும், மனிதர் கேபிளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். டிவியை நகர்த்தி, பின்னால் கிடக்கும் ஹேர்பின், பொத்தான், ஒருமுறை கல்யாண மோதிரம் என்று எல்லாவற்றையும் பொறுக்கி மேசையில் வைப்பார். ஆன்டெனா வயரைப் பிடுங்கிப் பிளேயரில் செருகி, அதிலிருந்து இன்னொரு வயரை டிவிக்குக் கொடுத்து, படம் தெரியும்வரை சேனலைத் திருகிக்கொண்டே இருப்பார். கூலி ஒரு ஜாடி சுட்ட குடைமிளகாய். வீட்டில் ஜாடி வைக்க இடமில்லை என்று நான் கத்தினால், காதிலேயே விழாதவர்போல் இருப்பார்.

கம்யூனிஸ்ட் ஆட்சி போய் இரண்டு வருடம் இருக்கும். எங்கள் தெரு ஸ்தமேனாவுக்கு, ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு போன மகள் ரோசித்சா பிளேயரும், தன் வீட்டைப் படம்பிடித்த ஒரு கேசட்டும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். ஸ்தமேனா, எங்கள் ஊர் விதவைகளின் வழக்கப்படி, கணவர் இறந்த நாளிலிருந்து கறுப்பைத் தவிர வேறு உடுத்தாதவள். நைடென் போய் இணைத்துக் கொடுத்தார். படம் வந்தது, நிறம் வரவில்லை. சோவியத் டிவிக்கு ஜெர்மன் பிளேயரின் நிறம் புரியாது, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வைக்க வேண்டும். அடுத்த வாரம் சந்தையில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஸ்தமேனா வேகவைத்த கோதுமைமேல் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் அது செத்தவர்களுக்குப் படைப்பது. யாருக்கு என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு."

கேசட்டில் ரோசித்சா கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தி, தலையிலும் கறுப்புத் துணி கட்டியிருக்கிறாளாம். சமையலறை, பால்கனி, எல்லாம் காட்டுகிறாளாம். மாப்பிள்ளை மட்டும் எங்கும் இல்லையாம். அது நிறமில்லாத படம்தானே என்றேன்.

"அதுல வெள்ளைச் சுவரு வெள்ளையாத்தானே தெரியுது? அப்போ கறுப்பும் கறுப்புதான்."

தபால் ஆபீஸிலிருந்து ஒரு போன் போட்டுப் பாரேன் என்றேன்.

"சிரிச்சுச் சிரிச்சுப் பொய் சொல்லுவா. அவ அப்பா சாகக் கிடந்தப்போ நானே அவகிட்ட அப்படித்தான் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து, நிறமில்லாமல் விட்டுவிட்டு வந்ததற்காக நைடெனைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் எங்கள் டிவியின் முதுகைக் கழற்றி, எங்கள் பிளேயருக்காக முன்பே அதற்குள் வைத்திருந்த அதே மாதிரிப் போர்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பாதி பார்த்து வைத்திருந்த கேசட்டுக்கு இனி நிறமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் கத்தவில்லை.

ஸ்தமேனா வீட்டில் அவர் போர்டைச் சால்டரிங் வைக்க, நான் விளக்கைப் பிடித்தேன். எனக்குப் பயம்தான். நிறம் வந்தும் அந்த உடை கறுப்பாகவே இருந்துவிட்டால்?

முதலில் பால்கனிச் செடிகள் பச்சையாயின. பிறகு ரோசித்சா வந்தாள். உடை, தலைத்துணி, எல்லாம் புளிப்புச் செர்ரிச் சிவப்பு. எந்த விதவை சிவப்பு உடுத்துவாள்?

ஸ்தமேனா எழுந்துபோய்த் திரையில் உள்ளங்கையை வைத்தாள். அழுதாள். நானும் அழுதேன்.

"படம் புடிச்சது யாரு, அக்கா?" என்றார் நைடென். "கேமராவைத் தூக்கிட்டு நிக்கிறவன் எப்படிப் படத்துல வருவான்? நம்ம பேச்சும் தெரியாது, வாயைத் திறக்காம நின்னிருப்பான்."

அப்போதுதான் மூன்று பேருக்கும் கோதுமைப் பானை ஞாபகம் வந்தது. இதை என்ன செய்வது என்று கேட்டேன்.

ஸ்தமேனா மூக்கைத் துடைத்துக்கொண்டு, பானையை மூடித் துணியால் கட்டினாள்.

"என் வீட்டுக்காரருக்குக் கொண்டுபோறேன். பொண்ணு செகப்பு உடுத்தியிருக்கான்னு அவருகிட்டயும் சொல்லணும்ல."

பானை நல்ல கனம். மேட்டுக் கல்லறைவரை நைடென்தான் தூக்கிக்கொண்டு நடந்தார். இடுப்பு என்ன ஆவது என்று நான் கேட்கவில்லை.