நீல நூலைத் தாண்டாத சல்மா உம்மா

மருதமுனையில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்கள் அத்தனை பேரும் என் வீட்டு முன்கூடத்தில் படித்தவர்கள். சரி, அது கொஞ்சம் கூடிப்போயிற்று. முதல் வகுப்பில் எழுத்துப் படித்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவர் சல்மா உம்மா.

தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். ஐம்பத்திரண்டு வயது. கணவர் மௌத்தாகி அடக்கமாகிப் பல வருடம். ஒரே மகள் சவூதியில். தொண்ணூற்றாறில், வகுப்பு தொடங்கிய முதல் நாளே வந்து நின்றார்.

"மகள்ட கடிதத்த அடுத்த ஊட்டுக்காரன்ட குடுத்து வாசிச்சுக் கேக்க வெக்கமா இரிக்கி டீச்சர். எண்ட கண்ணால நானே வாசிக்கோணும்."

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒப்பித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தி வந்தது. நூல் பெட்டிகளின் மட்டையை வெட்டி அட்டைகள் செய்தேன். வெள்ளை நூல் கட்டியதில் சின்னச் சொற்கள். மஞ்சளில் சிறு வசனங்கள். நீலத்தில் முழுக் கடிதங்கள். தடுக்காமல் வாசித்தால் மேலே போகலாம். மூன்று சொல் தடுக்கினால் ஒரு படி இறங்க வேண்டும். நீலத்தை முடித்தவர் கதிரையை விட்டு எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இருந்ததே ஏழு கதிரை, வாசலில் இடம் கேட்டு நின்றவர்கள் அதைவிடக் கூட.

கூடப் படித்த ஹாஜறா ஆறு மாதத்தில் நீலத்தை முடித்தாள். போகும்போது சும்மா போனாளா?

"சல்மா ராத்தா, நீங்க நீலத்துக்குப் போறதும் திரும்பி வாறதும் கல்முனை பஸ் மாதிரிகா!"

"நீ போ புள்ள. நான் மெல்ல வாறன்."

உண்மைதான். எட்டு மாதமாக மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே அலைந்தார். நீலம் கடினமோ என்று நினைத்து, இரண்டு நூலையும் முறுக்கிக் கட்டி அவருக்கென்றே நடுத்தர அட்டைகள் எழுதினேன். அதிலும் மூன்று சொல். இரண்டில்லை, நாலுமில்லை. போன கிழமை வழுக்கிக்கொண்டு வாசித்த சொல்லில் இந்தக் கிழமை தடுக்குவார். தெரியாதவர் தெரியாத இடத்தில்தான் தடுக்குவார். இவருக்கு இடம் மாறிக்கொண்டே இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடும் வகுப்பு. பொழுது சாய்ந்து மஃரிபு நெருங்கினால் மற்றவர்கள் செருப்பைத் தேடிப் பறப்பார்கள். சல்மா உம்மா கதிரைகளை அடுக்குவார், தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுவார், அவிழாத நூலையும் அவிழ்த்துக் கட்டுவார். அவர் போன பின் அந்தக் கூடத்தில் மணிக்கூட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்கும்.

ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு புளுகை எழுதி, நீல நூல் கட்டிக் கொடுத்தேன். மருதமுனைக் கரைவலையில் ஒரு சுறா. அதன் வயிற்றில் ஒரு பஸ். உள்ளே கண்டக்டர் இன்னும் டிக்கட் வெட்டிக்கொண்டிருக்கிறார். சல்மா உம்மா வாசித்தார், சிரித்தார், முடிவைத் தேடிக்கொண்டு ஓடினார். ஒரு சொல் தடுக்கவில்லை. கடைசிப் புள்ளிக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"கடைசிச் சொல்லு விளங்கல்ல டீச்சர்."

"இப்பதானே வாசிச்சீங்க?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள்ட கடிதம் வருதா?" என்று கேட்டேன்.

"கடைசிக் கடிதம் வந்து ரெண்டு வருசம்." நீல நூலை விரலில் சுற்றினார். "நீலத்த முடிச்சா நான் எங்க போற டீச்சர்? ஊட்ட ராட்டையும் நானும்தான்."

மறுநாள் அவருடைய கதிரையை வாசலில் நின்ற ஒருத்திக்குக் கொடுத்தேன். குசினியில் அடுப்பருகே கிடந்த முக்காலியை எடுத்து வந்து என் பக்கத்தில் போட்டேன். தையல் பெட்டியில் கிடந்த கறுப்பு நூலால் புதிய கட்டொன்று கட்டினேன். நாளுக்கு ஓர் அட்டை; ஒன்றிலும் கதை முடியாது. கறுப்பைத் தாண்ட வேறு நிறம் கிடையாது என்று வகுப்புக்கு அறிவித்தேன்.

இரண்டு வருடமாயிற்று. சவூதியிலிருந்து இன்னும் கடிதம் இல்லை. இந்தப் பக்கங்களையும் கறுப்பு நூல் கட்டித்தான் இன்று அவர் கையில் கொடுத்தேன். சத்தமாக வாசித்தார். முடித்துவிட்டு முதல் பந்திக்குத் திரும்பி, விரலை ஓர் இடத்தில் வைத்தார்.

"ஏழு எண்டு எழுதியிரிக்கீங்க டீச்சர். ஆறெண்டு திருத்துங்க. நான் இஞ்ச வரக்குள்ளயே எனக்கு வாசிக்கத் தெரியும்."