நாற்பத்தாறு வயதில் மீன் வாங்கப் போனது

பருத்தித்துறை மீன் சந்தையில், ஒரு சனிக்கிழமை காலை, நான் ஒரு விளைமீனின் வாலை முறிக்கப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் வலிகாமத்தில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். சிறு வயதில் தகப்பனாரோடு சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோய், வாங்க வருகிறவர்கள் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். முறிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். மீனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. வாங்குமுன் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது மட்டும் தெரியும். கை தனக்குத் தெரிந்த சோதனையைச் செய்தது.

"ஐயோ, உது என்ன வேலை?" மீன் விற்ற பெண் எழும்பிவிட்டாள். "வெண்டிக்காய் எண்டு நினைச்சியளோ? வாலை முறிச்சுப்போட்டு நீங்கள் போனால் உதை ஆர் வாங்குறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் பழகிய குரல் ஒன்று கேட்டது.

"விடு பிள்ளை. உவர் எங்கடை வீட்டிலை இருக்கிற மாஸ்டர். படிப்பிக்கிறது கணக்கு, சாப்பிடுறது கத்தரிக்காய். உவருக்கு என்ன தெரியும்?"

நானும் மகளும் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். கடலோடிக் குடும்பத்து விதவை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என் கையிலிருந்த மீனை வாங்கித் திருப்பினார். "செவுளைத் தூக்கிப் பாருங்கோ, மாஸ்டர். சிவப்பாய் இருக்கோ? இனிக் கண்ணைப் பாருங்கோ. நீங்கள் மீனைப் பாத்தால் மீனும் உங்களைப் பாக்கவேணும்."

அது தொண்ணூறாம் ஆண்டு. என் மனைவி தன் தாயின் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போன மறுகிழமை சண்டை மூண்டது. பாதை பூட்டப்பட்டது, புகைவண்டி நின்றது, கடிதமும் நின்றது. ஒருநாள் காலை எங்கள் கிணற்றடியில் ஷெல் விழுந்தது. அந்த இடத்தில் பல் தீட்டிக்கொண்டிருந்த என் பத்து வயது மகள், அதற்கு அரை நிமிடம் முன்னர்தான் முகம் துடைக்கத் துவாய் எடுக்க உள்ளே வந்திருந்தாள். அந்த அரை நிமிடத்துக்குள்ளிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. காற்றுக்கு ஒரு கதவு அடித்தாலும் என் கை முதலில் அவளைத் தேடுகிறது. அன்று அவளைச் சைக்கிள் பாரில் இருத்தி, உடுப்புப் பையைக் கரியரில் கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்கு வந்தேன். என்னோடு படிப்பித்த ஒருவர் சொல்லிவிட்டதால் அக்கா எங்களுக்கு ஓர் அறை தந்தார்.

எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம். மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சும் வீட்டில் தண்ணீரும் குடிக்கமாட்டோம். வந்த அன்றே, வீட்டு வளவின் மூலையில் எங்களுக்கென்று தனி அடுப்பு வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் மூன்று கல்லும் ஒரு கட்டு விறகும் கொண்டுவந்து வைத்தார். தேநீர் தந்தபோது, எனக்கு அது பழக்கமில்லை என்றேன். நாளுக்கு மூன்று தரம் தேநீர் குடிக்கிறவன் நான். அந்த அடுப்பில் சோற்றைக் குழைத்தும் கருக்கியும் சமையல் என்ற ஒன்றைப் படித்தேன். அதுவரை வீட்டில் எதையும் நான் தனியாகத் தீர்மானித்ததில்லை. முன்பு தகப்பனார் தீர்மானித்தார், பிறகு மனைவி. எனக்குப் பள்ளிக்கூடமும் கணக்கும் போதுமாயிருந்தன.

அடுத்த மாதம் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சல் விட்டது, ஆனால் பிள்ளை தேறவில்லை. முழங்கை எலும்பு தோலுக்குள்ளால் தெரிந்தது. கிணற்றடிவரை நடந்தால் மூச்சு வாங்கினாள். பால்மா எந்தக் கடையிலும் இல்லை. டொக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீன் குடுங்கோ, முட்டை குடுங்கோ. உடம்பிலை ஒண்டுமில்லை. இன்னொரு காய்ச்சல் வந்தால் பிள்ளை தாங்காது."

முட்டையை மருந்து என்று சொல்லிக் கொடுத்தேன். வாயில் வைத்ததுமே சத்தி எடுத்தாள். மீன்தான் மிச்சம். மனைவியிடம் கேட்க வழியில்லை. அவள் திரும்பி வரும்போது பிள்ளை இல்லாமல் நான் மட்டும் வாசல் படலையில் நிற்பதுபோல ஒரு படம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. அன்று பின்னேரமே அக்காவிடம் போய், பிள்ளைக்குக் கொஞ்சம் மீன் காய்ச்சித் தரமுடியுமா என்று கேட்டேன்.

"இண்டைக்கு வெள்ளி, மாஸ்டர்," என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை எங்கடை அடுப்பிலை மச்சம் ஏறாது. எங்களுக்கும் கோயில் இருக்கு, விரதம் இருக்கு."

ஒன்றரை மாதம் அதே வளவில் இருந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சமையலறையிலிருந்து பருப்பு வாசனை வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"நாளைக்குச் சந்தைக்கு வாங்கோ, எடுத்துத் தாறன். ஆனால் காய்ச்சுறது நீங்கள்தான். நான் ஒருநாள் காய்ச்சித் தரலாம். நாளையிண்டைக்கு எனக்கு ஒண்டு நடந்தால்? பிள்ளை உங்கடை."

அவரோடு சேர்ந்து போகக் கூச்சப்பட்டு, மறுநாள் விடிந்ததும் தனியாகவே சந்தைக்குப் போனேன். வால் முறித்த கதை அப்படித்தான் நடந்தது.

அந்த விளைமீனை அக்காவின் சமையலறை வாசலில் குந்தியிருந்து நானே செதில் கழற்றினேன். குடலை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணை மூடினால் விரலையும் சேத்துக் காய்ச்சவேண்டி வரும்," என்றார் அக்கா. வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பால் எல்லாம் நான் அறிந்தவை. அந்தத் துணிவில் அகப்பையை விட்டுக் கிண்டப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "கிண்டினால் சதையும் முள்ளும் ஒண்டாய்ப் போம். சட்டியைத் துணியாலை பிடிச்சு ஆட்டுங்கோ. மெல்ல. தொட்டில் ஆட்டினதில்லையோ?"

அந்தத் தேங்காய்ப்பால் சொதி கொதித்து வரும்போது என் பக்கத்தில் தேநீர்க் கோப்பை ஒன்றையும் பனங்கட்டித் துண்டு ஒன்றையும் வைத்தார். "தேத்தண்ணி உங்களுக்குப் பழக்கம்தான், மாஸ்டர். எங்கடை வீட்டுத் தேத்தண்ணிதான் பழக்கமில்லை. எனக்கு முதல்நாளே தெரியும்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் தலை நிமிராமல் குடித்து முடித்தேன்.

பிறகு வெளிச்சத்தில் உட்கார்ந்து முள் எடுத்தேன். ஒவ்வொரு துணுக்காக விரலிடையில் வைத்து நசித்துப் பார்த்தேன். முள் இல்லை என்று தெரிந்தபிறகும் மறுபடி பார்த்தேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் சொதியும் அந்தச் சதையும் போட்டு மகளின் முன்னால் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா அறிஞ்சால்?"

"நான் சொல்லுறன் அம்மாவுக்கு."

"நீங்கள் சாப்பிடுவியளோ, அப்பா?"

அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்காக எதையும் செய்யத் துணிந்துதான் வந்திருந்தேன். ஆனால் அதை நானும் உண்ணவேண்டி வரும் என்று மனம் ஒருதரமும் நினைக்கவில்லை. வாசலில் நின்ற அக்கா சொன்னார்: "அவருக்குப் பயம், குஞ்சு. பாவம், விடு."

ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். பல்லைக் கடித்து விழுங்கினேன். கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. மகள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னெண்டு இருக்கு?"

"மீன் மாதிரி இருக்கு," என்றேன்.

அவள் சிரித்தாள். கிணற்றடிக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. பிறகு வாயைத் திறந்தாள். ஆறு கவளம் உண்டாள். பின்னேரம்வரை அவள் பக்கத்திலேயே இருந்தேன். சத்தி எடுக்கவில்லை.

அந்த வயதில் நான் ஒரு முடிந்த மனிதன் என்றே எண்ணியிருந்தேன். இனிப் புதிதாகப் பழக ஒன்றுமில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று. இப்போது, சில வருடம் கழித்து, மறுபடி இடம்பெயர்ந்து, கொடிகாமத்தில் முன்பின் அறியாதவர்களின் வீட்டில் இருந்து இதை எழுதுகிறேன். பயம் குறையவில்லை. வந்த அன்று வீட்டுக்காரர், அடுப்பை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். உங்கள் அடுப்பிலேயே முறை வைத்துச் சமைக்கலாமா என்று கேட்டேன். தயங்கித்தான் கேட்டேன், ஆனால் கேட்க முடிந்தது.

அந்த முதல் மீனுக்கு மூன்று மாதம் கழித்து, மனைவி கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து, ஊரில் எங்களை விசாரித்துப் பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்தாள். எப்படிச் சொல்வது என்று நான் எத்தனையோ விதமாக வசனம் கட்டி வைத்திருந்தேன். மகள் படலைக்கு ஓடிப்போய்க் கத்தினாள்: "அம்மா, அப்பா மீன் காய்ச்சுவார்! நான் சாப்பிடுறனான்!"

அக்கா மெல்ல உள்ளே போய்விட்டார். மனைவி பையைக் கீழே வைத்தாள். மகளின் கையைப் பிடித்து, முழங்கையிலிருந்து தோள்வரை தடவிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முள்ளெல்லாம் வடிவாய்ப் பாத்து எடுத்துத்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம்," என்றேன்.