மூன்று நாள் தூரம்

மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் வீட்டிலிருந்து குற்றாலம் இரண்டு மைல் இருந்தால் அதிகம். புறவாசலில் நின்றால் மலை தெரியும். சாரல் காலத்தில் காற்று இந்தப் பக்கம் திரும்பிவிட்டால் அருவி இரைகிற மாதிரிகூடக் கேட்கும். அப்படிப்பட்ட அருவியை ஒருத்திக்கு எட்டாமல் செய்தவள் நான்தான். அதற்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

அறுபத்தொன்றோ அறுபத்திரண்டோ, வைகாசி மாதம். அந்த வருஷம் சாரல் சீக்கிரமே விழுந்துவிட்டது. என் நாத்தனார்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் மூடின கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். திறப்பதற்கு முந்தின நாள்தான் போவார்கள். என் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வீட்டில் பதினொரு பிள்ளைகள். காலையில் பதினொரு தலைக்கும் எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பவேண்டும். திரும்பி வந்தால் பதினொரு ஈரத்துணி, பெரியவர்கள் துணி தனி. சாரலில் எதுவும் காயாது. அடுக்களைக்குள் கொடி கட்டி அடுப்புச் சூட்டில் காய வைத்து, அந்த மாதம் முழுவதும் எல்லோரும் புகை நாற்றத்தோடுதான் திரிந்தோம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுடைய பசியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். உலை வைத்து இறக்குவதற்குள் அடுத்த உலைக்கு ஆள் நிற்கும்.

மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் அடுக்களை மருமகள்கள் இரண்டு பேருக்குத்தான். மூத்தவள் நான். இளையவள் என் கொழுந்தன் பெண்டாட்டி, வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி எப்போதும் வீட்டில் நின்றாக வேண்டும். நான் வந்த எட்டு வருஷத்தில் சீசனுக்கு இரண்டு தடவையாவது அருவிக்குப் போய்விடுவேன். அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை. முந்தின வருஷம் சீசன் பொய்த்துப்போனது. இந்த வருஷம் யாரும் அவளை நினைத்துப் பார்க்கவில்லை. கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டுப் பிள்ளை அவள். ஒரு குடத் தண்ணீரில் தலை முழுகி, அந்தத் தண்ணீரையும் செடிக்கு விடுகிற ஊர்.

ஒருநாள் உளுந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அக்கா, அருவி தலையில விழுந்தா வலிக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வலிக்குதா இல்லையான்னு நீயே பாத்துக்கோ. வெள்ளிக்கிழமை ஐந்தருவிக்கு வண்டி கட்டுதாங்க. நீ போ, நான் அடுக்களையைப் பாத்துக்கிடுதேன்."

"நெசமாவாக்கா? ஒத்தையில சமாளிச்சிருவியளா?"

"இந்த எட்டு வருசமா யாரு சமாளிச்சா?"

அவள் மாவுக்கையாலேயே விரல் விட்டு நாள் எண்ணினாள். இன்னும் நாலு நாள் இருந்தது.

அந்த மாதத்தில் எனக்கு சந்தோஷமே இல்லை என்று சொல்லமாட்டேன். அரங்குவீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் நின்றுகொண்டு தோசையின் முறுகல் ஓரத்தை மட்டும் ஒடித்துத் தின்பேன். எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு அடியில் நிற்கும் கசப்பில் சீனி அள்ளிப்போட்டு ஒரு வாய் குடிப்பேன். புறவாசல் படியில் சாரல் படும்படி ஒரு காலை நீட்டி, யாராவது கூப்பிடும் வரை நிற்பேன். எல்லாமே திருட்டு சந்தோஷம். மற்ற எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டில் நான் உட்கார்ந்த ஞாபகமே கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முதல் ஈடு இட்லி இறக்கிவிட்டு இரண்டாவது ஈடுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசி நாத்தனார் தம்ளரை நீட்டி, "மதினி, காப்பி ஆறிப்போச்சு, செத்த சுட வச்சுத் தாங்க" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தத் தம்ளரைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேரே மாமியாரிடம் போனேன்.

"அத்தை, நான் தூரம்" என்றேன்.

நான் தூரமாகவில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தூரம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் மூன்று நாள் அடுக்களைப் பக்கம் வரக்கூடாது. யாரையும் தொடக்கூடாது. தொழுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு. அங்கே பாய் தனி, தட்டு தனி, செம்பு தனி. அதைக் கொடுமை என்று இப்போது பேசுகிறார்கள், கொடுமைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினொரு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மறுகேள்வி இல்லாமல் ஒரு பெண்ணை உட்கார வைக்கிற வார்த்தை அது ஒன்றுதான். முதுகு வலிக்கிறது என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு அம்மிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இளையவள் நடையில் ஒரு பையை வைத்திருந்தாள். அருவிக்கென்று எடுத்து வைத்த பழைய காவிச்சேலை, ஒரு துண்டு. நான் சாய்ப்புக்குப் போகிற வழியில் அவள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னைப் பார்த்து, "அதனால என்னக்கா, அருவி எங்க போயிறப் போவுது" என்றாள். வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது.

அந்த மூன்று நாளைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைத்தால் இன்னொரு பொய்யாகிவிடும். அந்த மூன்று நாளும் நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. மத்தியானம் தூங்கினேன். நாலு வாரமாகக் கட்டிவைத்திருந்த பத்திரிகைகளை எடுத்துத் தொடர்கதையை ஒரே மூச்சில் படித்தேன். ஓட்டில் சாரல் விழுவதையும், தொழுவத்தில் பசு அசை போடுவதையும் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். என் சின்னவனுக்கு மூன்று வயது. அம்மாவைத் தொடக்கூடாது, உடம்பில் துணி இல்லாவிட்டால் மட்டும் தொடலாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். பயல் சட்டையையும் டிராயரையும் கழற்றி வாசலில் எறிந்துவிட்டு ஓடிவந்து என் மடியில் விழுந்தான். அந்த மூன்று நாளும் அவன் துணி உடுத்தவே இல்லை. நானும் அவனும் அந்த மழையில் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது.

சாப்பாடு கொண்டுவந்தவள் இளையவள்தான். கைக்கெட்டும் தூரத்தில் தட்டை வைத்துவிட்டு, "அப்பளம் பொரிச்சிருக்கேன், நமுத்துப் போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்பாள். கல்யாணமான பிறகு நான் சுடச்சுடச் சோறு சாப்பிட்டது அந்த மூன்று நாள்தான். இரண்டாம் நாள் அவள் வலது கையைப் பார்த்தேன். கஞ்சி வடிக்கையில் கொட்டி, மணிக்கட்டில் தோல் வழன்றிருந்தது.

"என்னட்டி இது?"

"ஒண்ணுமில்லக்கா. பெரிய பானை, பிடி நழுவிட்டு."

அவ்வளவு பெரிய பானையை நாங்கள் இரண்டு பேராகப் பிடித்துத்தான் வடிப்போம். அவள் போனபிறகு எழுந்து உட்கார்ந்தேன். போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் நினைத்துவிட்டு, விட்ட பக்கத்திலிருந்து கதையைப் படித்தேன்.

நாலாம் நாள் தலை முழுகி அடுக்களைக்குள் போனேன். "அடுத்த வெள்ளிக்கிழமை நீ கட்டாயம் போற" என்று அவளிடம் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க அதுதான் கடைசி வாரம். அவள் மறுபடி பையை எடுத்து வைத்தாள்.

என் உடம்பு நாள் தவறாது. அதை யோசிக்காமல் பொய் சொன்ன மடைச்சி நான். அடுத்த வெள்ளிக்கிழமை விடியும்போது நிஜமாகவே தூரமானேன். வாய் திறக்க முடியுமா? ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை என்றால் மாமியார் தென்காசிக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போதாததற்கு அன்றைக்கு வீட்டில் மாவிளக்கு, மாமியாருடைய நேர்ச்சை. மாவு இடிப்பதும் விளக்கு ஏற்றுவதும் மூத்த மருமகள் பொறுப்பு. எனக்கு சாமி பயம் ஜாஸ்தி. பொய் சொன்ன அன்றைக்கு மட்டும் அது எங்கே போயிருந்ததோ தெரியவில்லை.

வாசலில் வண்டிமாட்டுச் சத்தம் கேட்டது. நான் கிணற்றடியில் சேலை ஓரத்தை அலசிக்கொண்டிருந்தேன். இளையவள் தலை நிறைய எண்ணெயோடு, கையில் பையோடு, போய்வருகிறேன் என்று சொல்ல வந்தாள். சேலையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நாள் எண்ணச் சொல்லித்தரவா வேண்டும்? திரும்பி வாசலுக்குப் போனாள்.

"மதினி, எனக்குத் தலை கிறுகிறுங்குது. நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

"எண்ணெய் தேச்ச பெறவாட்டி கிறுகிறுங்குது?" என்று பெரிய நாத்தனார் சத்தம் போட்டாள். "ஒன்னைய கூட்டிட்டுப் போறதுக்குள்ள அருவி வத்திரும் போலிருக்கு."

வண்டி போய்விட்டது. அவள் கிணற்றடிக்கு வந்து பையைக் கல்லில் வைத்தாள். "அக்கா, அடுப்பாங்கரைப் பக்கம் வராதீங்க. வெளக்கைத் தொட்டுறாதீங்க. அத்தை வந்தா அம்மிக்கிட்ட உக்காந்து என்னமும் அரைக்கிற மாதிரி இருங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் தலையில் தேய்த்த எண்ணெயைச் சீயக்காய் போட்டுக் கழுவினாள். அருவிக்கென்று எடுத்து வைத்த காவிச்சேலையைக் கட்டிக்கொண்டு, ஆழக் கிணற்றிலிருந்து தானே இறைத்துத் தானே ஊற்றிக்கொண்டாள். வெந்த மணிக்கட்டில் கயிறு பட்டபோதெல்லாம் கையை உதறினாள். ஒரு வாளி நான் இறைத்து ஊற்றியிருக்கலாம். ஊற்றினால் அவளும் தீட்டு, அப்புறம் விளக்கேற்ற ஆளில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இல்லாத குறை தெரியாமல் மாவிளக்கை அவளே முடித்தாள். எனக்கு இடுப்பு வலி என்று சொல்லி அவளே மாமியாரைச் சமாளித்தாள். சாயங்காலம் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு முடியலட்டி, ரெண்டு நாள் படுத்துக்கிடுதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இருந்திருப்பேன்லாக்கா. எங்கிட்டப் போயி எதுக்குப் பொய்யி?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார்கள் கிளம்பிப் போனார்கள். அதற்கு மறுநாள் சாரல் விட்டு, பத்து நாளைக்குச் சுள்ளென்று வெயில் அடித்தது. அருவி நூலாகிப்போனது. தண்ணீர் வரட்டும், நாம் இரண்டு பேருமே போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனியில் என் கொழுந்தனுக்கு வடக்கே பிலாயில் வேலை கிடைத்து உத்தரவு வந்தது. தென்காசி ரயிலடியில் அவளை ஏற்றிவிட்டபோது மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன். அவள் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவர்கள் பொங்கலுக்கு வந்தார்கள், ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். சீசனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் ஆனி பிறந்தால் அவளிடமிருந்து இன்லண்ட் வந்துவிடும். "சீசன் எப்படிக்கா?" என்று கேட்டிருப்பாள். முதல் வருஷம் நான், "சுமார்தான். தண்ணீர் சரியாக விழவில்லை" என்று எழுதினேன். நன்றாகத்தான் விழுந்தது. எனக்கு எழுத மனசு வரவில்லை. அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். நாலு வருஷம் அப்படியே ஓடியது. பிள்ளைகள் ஈரத் துணியோடு வீடெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். நான் உட்கார்ந்து, இந்த வருஷமும் அருவியில் தண்ணீர் இல்லை என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

ஐந்தாம் வருஷம் அவளிடமிருந்து வந்த கடிதம் இது: "அக்கா, தென்காசியிலிருந்து இங்கே ஒருத்தர் வந்திருந்தார். குற்றாலத்தில் வெள்ளமாம், இரண்டு நாள் யாரையும் குளிக்கவே விடவில்லையாம். நீங்க மட்டும் தண்ணி இல்லைன்னு எழுதுதிய. எனக்காக வருசா வருசம் அருவியை வத்த வைக்கியளா? இங்கே நூற்றுப்பத்து டிகிரி அடிக்கிறது. ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதுங்கள். படித்தாலாவது குளுகுளுன்னு இருக்கும்."

மறுநாள் காலையில் நான் மட்டும் நடந்தே குற்றாலத்துக்குப் போனேன். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. முதலில் தோளைக் கொடுத்தேன், அப்புறம் தலையைக் கொடுத்தேன். மூச்சு முட்டியது, காது அடைத்தது, ஒரு நிமிஷம் என் பெயரே எனக்கு மறந்துவிட்டது. வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தபோதுதான், அன்றைக்கு உளுந்து ஆட்டும்போது அவள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து ஈரத்தலையோடு எழுதினேன். முதல் கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் வலிக்காது என்று ஆரம்பித்து, மடிக்கிற ஓரம் வரைக்கும் இடம் விடாமல் எழுதினேன். அந்த மூன்று நாள் சாய்ப்பில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதையும் எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுத இடம் மிஞ்சவில்லை. மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டேனோ என்னவோ.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. மகளுக்குப் பல் முளைத்திருக்கிறது, அரிசி விலை ஏறிவிட்டது, அத்தைக்கு முழங்கால் எப்படி என்று கேட்டிருந்தாள். அடியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி தனியாக இருந்தது.

"நல்லா குளிச்சேன்க்கா."