பெங்களூர் பார்ட்டி சொன்னது

எங்கள் ஏஜென்டை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய சட்டைப்பைதான். வெள்ளைச் சட்டையின் மெல்லிய துணிக்குள்ளிருந்து ஒரு செல்போன் பச்சை வெளிச்சத்தோடு எட்டிப் பார்க்கும். விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட்டில் எங்களைப் போன்ற சின்ன ஷெட்டுக்காரர்கள் யாரிடமும் செல்போன் இல்லாத காலம். உள்ளே டவர் கிடைக்கவில்லை என்று வேப்பமரத்தடிக்குப் போவார். வேலை செய்கிற அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி, "பெங்களூர் பார்ட்டிங்களா, வணக்கங்க" என்று ஆரம்பிப்பார். மறுமுனையில் ஆள் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எதிரில் ஒருவர் இருந்தால் அவர் பேசவாவது இவர் கொஞ்சம் வாயை மூட வேண்டுமே, மூடியதே இல்லை.

செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். அவர் நன்றாகவே இருக்கிறார். எனக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

அப்பா போன பிறகு அந்த ஷெட்டை நானும் அக்காவும்தான் நடத்தினோம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பொம்மைகள் எங்கள் வேலை. மாதா, சூசையப்பர், பாலன் இயேசு, இடையர்கள், ஆடு மாடு எல்லாம் அச்சில் வார்த்து, காயவைத்து, சுட்டு எடுப்போம். வண்ணம் பூச நாலு பேர் இருந்தார்கள். கண் மட்டும் அக்காதான் எழுதுவாள். அப்போது அவள் யாரோடும் பேசமாட்டாள். பொம்மையை இடது உள்ளங்கையில் படுக்கவைத்து, பிரஷ்ஷை உதட்டில் வைத்துக் கூராக்கி, ஒரே இழுப்பில் இமையை முடிப்பாள். மாதாவின் பார்வை சரியாகப் பிள்ளையின் மேல் போய் விழும். எங்கள் பங்குச்சாமியார் ஒருமுறை எங்கள் பாலனைக் கையில் எடுத்தவர், "இவன் இப்பதான் தூங்கி எழுந்தான்போல இருக்குது" என்றார். அக்கா சிரிக்கக்கூட இல்லை. அவளுக்கு அது முன்பே தெரியும் என்பதுபோல அடுத்த பொம்மையை எடுத்துக்கொண்டாள்.

ஏஜென்டின் தொழில் என்னவென்று யோசித்தால், செய்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் காவல் காப்பதுதான். நாங்கள் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளில் விலாசம் எழுத மாட்டோம். லாரி ஷெட்டில் அவரே எழுதிக்கொள்வார். கடைக்காரர் யாராவது ஊருக்கு வந்தால் லாட்ஜில் தங்கவைத்து, கோயிலைச் சுற்றிக்காட்டி, அப்படியே ரயிலேற்றிவிடுவார். நம்பர் கேட்டால், "அவங்க பெரிய எடம்மா. நீங்க பேசினா கோச்சுக்குவாங்க" என்பார். அந்தக் கோபக்காரப் பெரிய இடத்துக்குப் பயந்தே பல வருடம் வேலை செய்தோம். கடவுளைக்கூட நாங்கள் அவ்வளவு தள்ளி வைத்ததில்லை.

ஒரு வருடம் அவர் வந்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "கண்ணு செரியில்லன்னு பார்ட்டி சொல்லுது. ரேட்டக் கொறைக்கச் சொல்றாங்க." அக்கா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "என்னா செரியில்லையாம்?" என்று கேட்டாள். "உயிரு இல்லையாம்மா" என்றார், வெற்றிலையை மென்றுகொண்டே. அடுத்த வருடமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருடமும். அக்கா பழைய பொம்மைகளையும் புதியவற்றையும் ஜன்னலோரம் அடுக்கிவைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பாள். எழுதிய கண்ணைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள், மறுபடியும் துடைப்பாள். ஒருநாள் பிரஷ்களை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "என் கை செரியில்ல. வேற யாரையாவது எழுதச் சொல்லு" என்றாள். அன்றிலிருந்து பெட்டிக்கு வைக்கோல் வைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். வண்ணம் பூசுகிற பெண்களில் ஒருத்தி கண் எழுத ஆரம்பித்தாள். கண் இருந்தது, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. சித்தி மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கப் போனேன். பார்த்து முடித்தும் நேரம் மிச்சமிருந்தது. சும்மா, குடில் பொம்மை என்று இங்கிலீஷில் அடித்துப் பார்த்தேன். படங்கள் மெதுவாக, மேலிருந்து கீழாக, திரை விலகுவதுபோல வந்தன. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே எங்கள் மாதா இருந்தாள். பெங்களூரில் ஒரு கடையின் வெப்சைட் அது. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்: 'இந்தக் கண்களைப் பாருங்கள், இதற்காகவே வருடா வருடம் எங்களைத் தேடி வருகிறார்கள்.' அதற்கும் கீழே போன் நம்பர்.

அதற்குள் நானும் ஒரு செல்போன் வாங்கியிருந்தேன். சென்டரின் படியில் நின்றே பேசினேன். எடுத்த அம்மா தமிழ்க்காரர்தான். விருத்தாசலம் என்றதும் குரலே மலர்ந்துவிட்டது. "நீங்க அவரோட ஃபேக்டரில வேல செய்றவங்களா? அவர் சம்சாரத்துக்கு உடம்பு எப்படி இருக்கு? அவங்கதானே கண்ணு வரையறது. இப்ப வர்ற பொம்மையில அந்தக் கண்ணு இல்லியே, எத்தனை தடவ விசாரிச்சேன், முடியாம இருக்காங்கன்னாரு. அவங்களுக்காக நான் வேண்டிக்கிட்டுகூட இருக்கேன்."

ஏஜென்டின் மனைவியை எனக்குத் தெரியும். கோலம் போடக்கூட ஆள் வைத்திருந்தவர்.

ஷெட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கையில் வைக்கோல் இருந்தது. அழவில்லை. "அந்தம்மா சொன்னத அப்படியே திருப்பிச் சொல்லு" என்றாள். சொன்னேன். "இன்னொரு தடவ" என்றாள்.

அந்த வாரம் ஏஜென்ட் வந்தபோது அக்காவே எழுந்து எதிரே போனாள். "என் கண்ணு செரியில்லன்னு யாரு சொன்னது?" அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஒரு மனிதன் கூச வேண்டிய இடம் அது. அவரோ சிரித்தார். "வியாபாரம்னா அப்படித்தாம்மா. ரேட்ட எறக்கணும்னா ஏதாச்சும் ஒரு கொறை சொல்லித்தானே ஆவணும்? அன்னிக்கு வாயில கண்ணு வந்திச்சு, சொன்னேன். மூக்கு வந்திருந்தா மூக்கச் சொல்லியிருப்பேன்." இதற்குப் போய் இவ்வளவா என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். திட்டம் போட்டுக் கெடுத்திருந்தால்கூட எனக்கு அவர்மேல் இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

அதன்பிறகு நாங்கள் பெங்களூருக்கு நேராக அனுப்பினோம். எங்களைப் பார்த்து மற்ற ஷெட்டுக்காரர்களும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பெரிய இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அவை சின்னக் கடைகள், நல்ல மனிதர்கள். ஏஜென்டின் ஸ்கூட்டர் எஸ்டேட்டுக்குள் வருவது நின்றது. இனி ஒழிந்தார் என்று நினைத்தேன். அப்படிப்பட்டவர்கள் ஒழிவார்கள் என்று நினைத்தது என் அறியாமை.

சில வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு கூட்டம். நானும் அக்காவும் போயிருந்தோம். இன்டர்நெட்டில் வியாபாரம் செய்வது எப்படி என்று பேச வந்தவர் அவர்தான். கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் திரை, திரையில் எங்கள் குடில். "இனிமே நடுவுல ஆளே வேணாம்! செய்றவங்களும் வாங்குறவங்களும் நேரா பேசுங்க!" என்று கைகளை விரித்தார். வெப்சைட் தானே செய்து தருவதாகவும், சரக்குக் கேட்டு வருகிற விசாரணைகளைத் தன் ஆபீஸே பார்த்துக்கொள்ளும் என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகு, தான் ஊக்கம் கொடுத்து வளர்த்த கலைஞர் என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்.

அக்கா மைக்கை வாங்கினாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "இவரு எங்ககிட்ட பொய் சொன்னவரு. வாங்குறவங்ககிட்டயும் பொய் சொன்னவரு. விசாரண வந்தா உங்க போனுக்கே வரட்டும், இவரு ஆபீஸுக்கு வேணாம்" என்றாள். சால்வையை எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள்.

முதலில் கை தட்டியது ஏஜென்ட்தான். "பாத்தீங்களா, இந்தத் தைரியத்தத்தான் நான் உங்ககிட்ட எதிர்பாக்குறேன்" என்றார். மண்டபமே கை தட்டியது. வெளியே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பல பேர் அவரிடம் வெப்சைட்டுக்குப் பெயர் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் அவர்களுடைய விசாரணைகள் அவர் ஆபீஸுக்குத்தான் போகின்றன. கம்பி மாறியது, கருவி மாறியது. இளிச்சவாயர்களுக்கு மட்டும் ஊரில் பஞ்சமில்லை.

அக்கா மறுபடி கண் எழுதுகிறாள். பெங்களூர் அம்மா பொம்மைகள் கிடைத்ததும் போனில் குரலாகவே அனுப்பிவிடுவார்: எந்த மாதா எப்படிப் பார்க்கிறாள், எந்த இடையன் கண்ணில் குறும்பு இருக்கிறது என்றெல்லாம். அக்கா கேட்டுவிட்டு இன்னொரு முறை போடச் சொல்வாள். பிறகு கையிலிருக்கிற பொம்மையின் ஒரு கண்ணை எழுதி, அடுத்த கண்ணைத் தொடும் முன் என் பக்கம் நீட்டி, "செரியா இருக்குதா?" என்று கேட்பாள். ஒவ்வொரு பொம்மைக்கும் கேட்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும், "நல்லா இருக்குதுக்கா" என்கிறேன். நம்பாமல் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறாள்.