முகமூடி அக்காவும் மெயினருவி வெள்ளமும்

பழைய வீடியோ கேம் கடை நடத்துகிறவனுக்கு ஆட மட்டும் நேரம் கிடைக்காது. ஒயரைச் சொருகுவதிலும் கேசட்டை ஊதுவதிலும் கன்ட்ரோலரைத் துடைப்பதிலுமே பொழுது போய்விடும். கடை வைத்து மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் பிழைப்பும் இதே லட்சணம்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஊர் தென்காசி, கடை குற்றாலத்தில். டிவியோடு மாட்டி ஆடும் அந்தக்காலத்து கன்சோல்கள்தான் என் சரக்கு. அதிலும் ஒரு சூப்பர் ஹீரோ அடிதடி கேம்தான் கடைக்கே ராஜா. இரண்டு பேர் சேர்ந்து தெருத் தெருவாக நடந்து எதிரே வருகிற ரவுடிகளையெல்லாம் வெளுத்துக்கொண்டே போக வேண்டும்.

வழுக்குகிற வீரர்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்தால் நேரே அருவிக்குப் போக வேண்டும். ராஜபாளையத்துக்காரர் ஒருவர் வழியில் என் கடைக்குள் நுழைந்துவிட்டார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் பளபளப்பு. “ஒரே ஒரு ஆட்டம்” என்று கன்ட்ரோலரைப் பிடித்தார். முதல் ரவுடிக்கு ஓங்கி ஒரு குத்து விட்டார் பாருங்கள், கன்ட்ரோலர் கையிலிருந்து விரால் மீன் மாதிரி துள்ளி என் மடியில் வந்து விழுந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா என்று சத்தம் போட்டேன். அவர் ரொம்பச் சாந்தமாகச் சொன்னார்: “என்னைத் திட்டாதீங்க. மாரியப்பன்னு ஒருத்தர் தேய்ச்சுவிட்டார். அதுலேர்ந்து கை என் பேச்சையே கேக்க மாட்டேங்குது.”

புதுமணத் தம்பதி

இந்த கேமில் நாம் விடுகிற குத்து கூட்டாளி மேலும் விழும். ஆய்க்குடியிலிருந்து வந்த புது மாப்பிள்ளைக்கு இது தெரியாது. ரவுடியை அடிக்கிறேன் என்று சுற்றிய சுற்றில் மனைவியின் வீராங்கனையைக் குப்பைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார். அந்தப் பெண் தன் வீராங்கனையை எழுப்பினாள், ரவுடிகளை விட்டுவிட்டுத் தெரு முழுக்க மாப்பிள்ளையைத் துரத்தித் துரத்தி அடித்தாள்.

கடையே கைதட்டியது. “வில்லன் பின்னால வாரான், அவனைப் பாரும்மா!” என்று நான் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அவன் கெடக்கான் அண்ணாச்சி. இவுக மொதல்ல என்னைய எதுக்கு அடிச்சாகன்னு சொல்லட்டும்.”

அந்த முகம்

கேமில் பறந்து பறந்து அடிக்கிற முகமூடிக்காரி ஒருத்தி உண்டு. எங்கள் கடையில் அவளுக்கு ‘அக்கா’ என்று பெயர். கடைசி வில்லனை வீழ்த்தினால் அக்கா முகமூடியைக் கழற்றுவாள் என்று கேசட் அட்டையில் போட்டிருக்கிறது. அந்த முகத்தை நானே பார்த்ததில்லை. நடுவில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர இதில் வழியும் கிடையாது. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும்.

அந்த முகத்துக்காகத் தவம் கிடந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், ராஜபாளையத்துக்காரரை வழுக்க வைத்த அதே மாரியப்பன் அண்ணாச்சி. மற்றவர், சீசன் பந்தோபஸ்துக்காக ராயகிரிப் பக்கமிருந்து வந்திருந்த போலீஸ்காரப் பெண் செல்வி. செல்வி ஓய்வாக இருந்தால் அண்ணாச்சிக்கு எண்ணெய் தேய்க்க ஆள் வந்துவிடும். அண்ணாச்சி ஓய்வாக இருந்தால் செல்விக்கு டூட்டி வந்துவிடும். செல்வி தினமும் போகிறபோது சொல்லிவிட்டுத்தான் போவார்: “சீசன் முடிஞ்சா என்னைய அனுப்பிருவாவ அண்ணாச்சி. அதுக்குள்ள அக்கா மொகத்தைப் பாத்துரணும்.”

தடை போட்ட நாள்

ஒருநாள் மெயினருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டியது. குளிக்கத் தடை. குளிக்க வந்த கூட்டம் முழுக்க என் கடைக்குள்! எண்ணெய் தேய்க்க ஆள் இல்லாமல் மாரியப்பன் அண்ணாச்சி வந்தார். டூட்டி மாறி செல்வியும் வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்ததைப் பார்த்ததுமே எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்டேஜ் ஸ்டேஜாகத் தாண்டினார்கள். கூட்டம் விசிலடித்தது, நான் ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். கடைசி வில்லன் வந்தே விட்டான்! ஆளுக்கு ஒரே ஒரு லைஃப்தான் பாக்கி.

அப்போதுதானா அருவிக்கரை மைக் அலற வேண்டும்? தண்ணீர் குறைந்துவிட்டதாம், குளிக்கலாமாம். கண் மூடித் திறப்பதற்குள் கடை காலி. வரிசையை ஒழுங்குபடுத்த செல்விக்கும் போன் வந்துவிட்டது. கன்ட்ரோலரை என் கையில் திணித்து, “அண்ணாச்சி, அக்காவை விட்டுராதீங்க!” என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார். இரண்டாவது ஸ்டேஜைத் தாண்டாதவன் நான்! வாசலில் நாலு பேர் துண்டோடு நின்று மாரியப்பன் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். “ஏலே, சித்த நேரம் நில்லுங்கலே, உலகத்தைக் காப்பாத்திட்டு வாரேன்” என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டு கையில் பட்ட பட்டனையெல்லாம் அமுக்கினேன். திறந்தால் வில்லன் மல்லாக்கக் கிடக்கிறான்!

என்ன செய்தோம் தெரியுமா? மாரியப்பன் அண்ணாச்சி என்னை அப்படியே தூக்கிச் சுற்றினார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினேன். வாசலில் நின்ற நாலு பேரும் உள்ளே வந்து எங்களோடு சேர்ந்து குதித்தார்கள். மூச்சு வாங்கி டிவி பக்கம் திரும்பினால், கேம் முடிந்து முதல் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. அந்த முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செல்வி யூனிபார்ம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். “ஜெயிச்சாச்சா? மொகம் எப்படி இருந்துச்சு?” நான் ஒயரைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “தாயி, நாளைக்கும் ஒரு தடை போடச் சொல்லேன்.”

குற்றாலத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் குறையட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டட்டும் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாவிகள் இந்த ஊரில் நாங்கள் மூன்று பேர்தான்.