பாஸ்கோவின் பளபளத்த சங்கிலி

பிளிமத் துறைமுகத்தில் பாஸ்கோ ஹாக்கின் துலக்கிய செம்பைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அவன் தேய்த்து மாட்டிய கப்பல் மணி வெயிலில் மின்னியதைப் பார்த்து, மறுபடியும் விடிந்துவிட்டதென்று மத்தியானத்தில் சேவல் கூவியது. எங்கள் பக்கத்து வீட்டுச் சேவல்தான். விசாரிக்க வேண்டுமென்றால் முடியாது. அடுத்த ஞாயிறே அதைச் சூப் வைத்துவிட்டார்கள்.

‘கான்ஸ்டன்ட் கிரேஸ்’ என்ற சரக்குக் கப்பலுக்கு அவன் சாரங்கு. பாயும் கயிறும் பாய்மரமும் அவன் பொறுப்பு. அவற்றோடு ஒரு இடிதாங்கிச் சங்கிலியும் இருந்தது. முழுக்கச் செம்பு. மழை மேகம் திரண்டால் அதன் ஒரு நுனியைப் பாய்மர உச்சிக்கு ஏற்றி, மறு நுனியைக் கடலில் விட வேண்டும். மின்னல் செம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விடும். மற்ற நாளெல்லாம் அது பெட்டிக்குள் கிடக்கும்.

கிடக்கும் என்றா சொன்னேன்? பாஸ்கோ அதைக் கிடக்க விட்டால்தானே. செங்கல் தூளும் வினிகரும் வைத்துத் தேய்ப்பான். கப்பல் ஊர் திரும்பும்போதெல்லாம் முதலாளி காலகாட் மனைவியோடு மேலே ஏறி வருவார். பாஸ்கோ வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சங்கிலியைச் சுருட்டி வைத்திருப்பான். அம்மாள் குனிந்து அதில் முகம் பார்த்துத் தொப்பியைச் சரி செய்துகொள்வாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவன் உயிர் வாழ்ந்தான் என்று அவன் மனைவி தாமசின் சொல்லுவாள்.

அந்த வருடம் கப்பல் வீடு திரும்பும் வழியில், ஸ்டார்ட் முனை கண்ணில் படும் தூரத்தில், மேற்கே வானம் கறுத்தது. மறுநாள் முதலாளி வருகிற நாள். சங்கிலியை அன்று காலையில்தான் தேய்த்து முடித்திருந்தான். உப்பு நீர் பட்டால் ராத்திரிக்குள் பச்சை பூத்துவிடும். இடி இந்தப் பக்கம் வராது என்று அவனே வானத்துக்கும் சேர்த்து முடிவு செய்துகொண்டான்.

நடுப் பாய்மரத்தில் பாயைச் சுருட்ட ஏற வேண்டியவன் ஜோரி. தாமசினின் தம்பி. மழை கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. மேலே எது கயிறு, எது சங்கிலி என்று தெரியாது. ஏணிக்கயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

“சங்கிலிய ஏத்தியாச்சா மச்சான்?”

“ஏத்தியாச்சு மாப்ளே, நீ போ.”

அவன் பாதி உயரம் போவதற்குள் மின்னல் இறங்கியது. பாய்மரம் காரட் மாதிரி நீளவாக்கில் பிளந்தது. கயிற்றில் சிக்கித் தொங்கிய ஜோரியை இறக்கியபோது இரண்டு காதிலும் ரத்தம். உயிர் தங்கியது. காது போனது போனதுதான்.

தளமெல்லாம் கயிறும் கிழிந்த பாயும் விழுந்து குவிந்திருக்க, சங்கிலி ஏற்றியிருந்ததா என்று கேப்டன் கேட்டார். பாஸ்கோ, “சங்கிலி மேலதான் இருந்துச்சு ஐயா. விழுந்து கெடந்துச்சு, எடுத்துப் பொட்டில வச்சிட்டேன்” என்றான். யார் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

இந்தப் பொய் முதலாளிக்குச் சர்க்கரையாக இனித்தது. எங்கள் ஊர் டாக்டர் கிம்பர், பெட்டிச் சங்கிலி உதவாது, பாய்மரத்திலேயே பள்ளம் எடுத்துச் செம்புப் பட்டை பதிக்க வேண்டும், அப்போதுதான் மனிதன் மறந்தாலும் செம்பு மறக்காது என்று கப்பல் முதலாளிகளை விரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் செலவுக்கு மனமில்லாத காலகாட் எல்லோரிடமும், “செம்பு இருந்தும் இடிச்சுதே, எங்க சாரங்கையே கேளுங்க” என்று சொல்லத் தொடங்கினார். சங்கிலியையும் பாஸ்கோவுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். ‘மூணு மத்தி’ சாராயக்கடையில் பாஸ்கோ அந்தக் கதையைச் சொன்னால் ஆப்பிள் கள் தானாக வந்து சேரும். ஜோரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மச்சான் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று புரியும். என்ன பேசுகிறான் என்று கேட்காது. சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அந்தத் தலையாட்டல்தான் கதைக்கு முத்திரை. அப்படி அவன் தலையாட்டும்போதெல்லாம் பாஸ்கோ பார்வையைக் கோப்பைக்குள் போட்டுக்கொள்வான்.

டாக்டர் கிம்பர் கண்ணாடி வட்டைச் சுழற்றி மின்சாரத்தைப் பாட்டிலில் பிடித்து வைக்கிறவர். ஒரு முறை நகர்மன்றத்துப் பெரியவர்களைக் கைகோத்து நிற்க வைத்துப் பாட்டிலைத் தொடச் சொன்னார். அத்தனை பேரும் ஒன்றாகத் துள்ளியதில் வக்கீலின் பொய்முடி பறந்து விளக்குக் கம்பத்தில் விழுந்தது. புறா அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது. அதுவரை வக்கீல் மொட்டைத் தலையோடுதான் வாதாடினார்.

கப்பலில் மின்னல் விழுந்து நாலு வருடம் கழித்து அந்த டாக்டர் கப்பல் முதலாளிகளை மண்டபத்துக்கு அழைத்தார். பட்டை பதிப்பதா வேண்டாமா என்று அன்று பேசி முடிப்பதாக ஏற்பாடு. காலகாட் பாஸ்கோவைச் சங்கிலியோடு, ஜோரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

காலையில் அவன் வினிகரை எடுத்தபோது தாமசின், “இன்னைக்காச்சும் தேய்க்காம எடுத்துட்டுப் போயேன். அது தேயுதோ இல்லையோ, உன் கை தேயுது” என்றாள்.

“பெரிய மனுசங்க முன்னால அழுக்கா கொண்டுபோய் வைக்கச் சொல்றியா?”

மண்டபத்தில் ஒரு தொட்டித் தண்ணீரில் பொம்மைக் கப்பல் மிதந்தது. டாக்டர் பாட்டிலிலிருந்து பொறியைப் பாய்ச்சினார். பட்டை இல்லாத பாய்மரம் சில்லாகத் தெறித்தது. செம்பிழை பதித்த பாய்மரம் அசையாமல் நின்றது. பிறகு அந்த இழையைக் கழற்றி எல்லோர் கைக்கும் கொடுத்தார்.

“மரம் தப்பிச்சிருச்சு. ஆனா செம்பப் பாருங்க. கரி புடிச்சிருக்கு, ஒட்டுப்போட்ட எடத்துல உருகியிருக்கு. இந்தப் பாட்டில்ல இருந்தது ஒரு சிட்டிகை. வானத்து மின்னல் பட்ட செம்பு எப்படியிருக்கும்னு நான் பார்த்ததே இல்ல. சாரங்கு கொண்டாந்திருக்காராமே?”

பாஸ்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியை மடியிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“கொட்டிக் காட்டுப்பா, வெக்கம் எதுக்கு?” என்றார் காலகாட்.

கொட்டினான். மேசையில் சரிந்த சங்கிலியின் ஒளி மண்டபத்துக் கூரையில் ஓடியது. டாக்டர் உருப்பெருக்கியை வைத்துக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார். நிமிர்ந்து உருப்பெருக்கியைத் துடைத்தார்.

“பாஸ்கோ இடியையும் சேர்த்துத் தேய்ச்சிட்டான்டா” என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, சிரிப்பு கிளம்பியது. அதையே பிடித்துக்கொண்டு கரையேறலாம் என்று பாஸ்கோ வாயைத் திறந்தான்.

“கரியத் தேய்க்கலாம்” என்றார் டாக்டர் மெதுவாக. “உருகினத எப்படித் தேய்க்கிறது?”

சிரிப்பு நின்றது. ஜோரி எழுந்து வந்தான். பேசிய எதுவும் அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் உருகிய இழை அவன் கைக்கும் வந்து போயிருந்தது. சங்கிலியும் கண்ணெதிரே இருந்தது. கண்ணிகளைக் கடைசிவரை விரலால் தடவினான். காது கேளாதவர்கள் தங்கள் குரலின் அளவு தெரியாமல் பேசுவார்கள். மண்டபமே கேட்கும்படி கேட்டான்.

“இது பொட்டிய விட்டு வெளிய வந்துச்சா மச்சான்?”

ஏழு கோப்பைக் கள்ளுக்குக் கதை சொன்ன வாய் அது. ஆனால் ஜோரியிடம் வாய் எதற்கு உதவும்? அத்தனை பேர் பார்க்க, பாஸ்கோ தலையைத்தான் அசைக்க வேண்டியிருந்தது. இல்லை என்று அசைத்தான்.

“ஏத்தியாச்சுன்னு சொன்னியே.” ஜோரியின் குரலில் கோபம்கூட இல்லை. “நான் கடைசியா கேட்ட பேச்சு அதுதான். நாலு வருசமா என் காதுல அது ஒண்ணுதான் கேட்டுக்கிட்டிருக்கு.”

காலகாட் ஜன்னலைப் பார்த்தார். மற்ற முதலாளிகள் அன்றே பட்டைக்கு ஒப்புக்கொண்டார்கள். அவர் மட்டும் ஒரு மாதம் இழுத்து, மனைவியின் நச்சரிப்புக்குப் பணிந்தார். பாஸ்கோவைச் சாரங்காக வைத்துக்கொள்ள அதற்குப் பிறகு யாரும் முன்வரவில்லை. கப்பல் பட்டறையில் பாய்மரங்களுக்குச் செம்புப் பட்டை அறைகிற வேலைக்குப் போனான். அறைவதோடு சரி, துலக்க மாட்டான். வீட்டுச் சட்டியைக்கூடத் தொடுவதில்லை என்று தாமசின் புலம்பினாள்.

சங்கிலியை ஜோரி கொண்டுபோய்விட்டான். வேலியில் இழுத்துக் கட்டி அவரைக்கொடி ஏற்றினான். ஒரே மழைக்காலத்தில் அது பாசி மாதிரிப் பச்சை பூத்தது. ஞாயிறுதோறும் தம்பிக்கு மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி கொடுத்தனுப்புகிறவள் தாமசின், எடுத்துப்போகிறவன் பாஸ்கோ. நேர்த்தெருவில் போகாமல், சாராயக்கடை இல்லாத பின்சந்து வழியாகப் போவான். ஜோரி பேஸ்டியை வாங்கிக்கொண்டு வேலியைக் காட்டுவான்.

“அவரைக்கா பறிச்சிட்டுப் போ. அக்காவுக்குப் புடிக்கும்.”

பாஸ்கோ குனிந்து, கண்ணி கண்ணியாகக் கொடியை விலக்கிப் பறிப்பான். திரும்பும்போது விரலெல்லாம் பச்சை ஒட்டியிருக்கும். வழியில் குழாயடி உண்டு. அவன் அங்கே கை கழுவி யாரும் பார்த்ததில்லை.