அவருக்கு மட்டும் தொடைக்கறி

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: கறி சாப்பிடலாம், ஆனால் கொழுப்பில்லாத தொடைக்கறியாக, கொஞ்சமாக. பட்டுச்சேலை வியாபாரத்துக்குச் சேத்துப்பட்டு வரை பைக்கில் போய் வந்த மனிதர் அன்றிலிருந்து கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டார். தண்ணீர்ச் சொம்பைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை கறிக்கடைக்கும் நான்தான் போனேன். கடைக்கார பாய் முதலில் எடை போடுவார், பிறகுதான் நறுக்குவார்.

"கொழுப்பெல்லாம் எடுத்துடுங்க பாய்."

"எடுத்துட்டா கறி ரப்பராட்டம் இருக்கும்க்கா. சரி, எடுத்தத இன்னா பண்றது? எடை போட்டாச்சே."

"தனியா கட்டிக் குடுங்க."

காசு கொடுத்த பொருளை விட்டுவிட்டு வர நான் என்ன ஜமீன் பரம்பரையா?

அவருக்கு இரண்டு சொட்டு எண்ணெயில் தொடைக்கறி வெந்தது. கொழுப்பை உப்பு, மிளகாய்த்தூள் போட்டு வதக்கி, சுடுசோற்றில் பிசைந்து, அடுப்படியில் நின்றபடியே நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஞாயிறுதோறும் இதே கதை. எங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு நான் ஒருநாளும் வேலை வைத்ததில்லை.

ஆறு மாதம் கழித்து அவருக்கு ரத்தப் பரிசோதனை. ஜோடியாக எடுத்தால் தள்ளுபடி என்று லேபில் சொன்னதால் நானும் கையை நீட்டினேன். அவருடையது படு சுத்தம். என் தாளைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொலஸ்ட்ரால் இவ்வளவு ஏறியிருக்கே. இப்படியே போனா உங்களுக்கும் ஸ்டென்ட்தான். என்னம்மா சாப்பிடறீங்க?"

சொன்னேன். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"வாயக் கட்டுன்னு சொல்லிகினேதான் இருக்கேன் சார். கேட்டாதானே."

ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் ஸ்டாண்ட் வரும் வரை எனக்குப் பயமாக இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கோபம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் பையை எடுக்கும்போது, "இனிமே நீ கறியே துன்னாத, கொழம்பு மட்டும் ஊத்திக்கோ," என்றார், ரொம்ப அக்கறையாக. அவருக்கு நோய் வந்தால் நல்ல கறியாகப் பார்த்து வாங்க வேண்டும். எனக்கு வந்தால் கறியே கூடாது.

அன்று கொழுப்பை பாய் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். சமைத்து முடித்ததும் தட்டைப் போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்த தொடைக்கறித் துண்டுகளாகப் பார்த்து எனக்கு வைத்துக்கொண்டேன்.

"எனக்கு?" என்றார்.

"சட்டியில மிச்சம் கீது, போட்டுக்கோங்க," என்றேன்.